பீரோ லாக்

சாவி சுழன்றது, கைப்பிடியும் இறங்கியது, கதவுதான் வரவில்லை. புகழேந்தி சாவியை உருவி வேட்டி முனையில் துடைத்து மறுபடியும் நுழைத்தார். உள்ளே 'களக்' என்று ஏதோ விழுந்தது. வந்துவிட்டது என்று ஆசையாக இழுத்தார். பீரோதான் மொத்தமாக முன்னால் நகர்ந்தது. அதன் உச்சியில் சுருட்டி வைத்திருந்த பாயிலிருந்து தூசு அவர் தலையில் கொட்டியது.

"புகழு, பொடவை எடுத்தியா இல்லியாடா? தண்ணி எடுத்து வெச்சி எவ்ளோ நேரமாவுது!" என்று கூடத்திலிருந்து அக்கா வெள்ளையம்மாள் குரல் கொடுத்தாள்.

"எடுக்கறேன்க்கா."

"பௌர்ணமி கிரிவலக் கூட்டம் ரோட்ட அடைக்கறதுக்குள்ள எடுத்தாவணும். அப்பறம் வண்டி நவுராது, பாத்துக்க."

கூடத்தில் வாடகை ஐஸ் பெட்டிக்குள் வேதா கிடந்தாள். புகழேந்தியின் மனைவி. நேற்று மத்தியானம் மாடி அறையைப் பெருக்கிவிட்டு இறங்கியவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழ்பென்னாத்தூர் அரிசி ஆலையில் மேஸ்திரியாக இருந்த புகழேந்திக்குத் தகவல் போய், அவர் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்திருந்தது. ஆட்டோவில் போட்டுக் கூட்டிக்கொண்டு போனவள் பக்கத்து வீட்டு ரஹமத்துன்னிசா. வேதாவின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவர் கையில் கொடுத்தவளும் அவள்தான். தன் பெண்டாட்டியின் சாவிக்கொத்தை அடுத்த வீட்டுக்காரி கையிலிருந்து வாங்கியபோதே அவருக்குச் சுருக்கென்றது. அழுகிற நேரத்தில் இது என்ன புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆனாலும் சுருக்கென்றது சுருக்கென்றதுதான்.

அவர்கள் வகையறாவில் தாலியோடு போகிற பெண்ணைக் கூரைப்புடவை கட்டித்தான் அனுப்புவார்கள். தாலி கட்டும்போது உடுத்தியிருந்த அதே புடவை. மகராசி மஞ்சள் குங்குமத்தோடு போகிறாள், கூரையைக் கட்டி அனுப்பணும் என்று வெள்ளையம்மாள் காலையிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். புடவை பீரோவில் இருக்கிறது. பீரோ வேதாவுக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்தது. கல்யாணமான நாள்முதல் அதைப் புகழேந்தி தொட்டுத் திறந்ததில்லை. அவர் சட்டைகள் சுவர் ஆணியில் தொங்கும். பீரோவிலிருந்து ஏதாவது வேண்டுமென்றால் "வேதா, அத எடு" என்பார். அது வரும்.

வேதாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் தெரியும். மாடியிலிருந்த இரண்டு அறைகளையும் ரமணாசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டதில் ஒட்டிக்கொண்டது. அதில் 'லாக்' என்கிற சொல் மட்டும் அவள் வாயில் குடித்தனமே நடத்தியது. தாழ்ப்பாளும் லாக், நாதாங்கியும் லாக், பூட்டும் லாக். டிபன் பாக்ஸ் மூடியை அழுத்தி "லாக் ஆயிடுச்சு, சாயாம எடுத்துனு போங்க" என்று கொடுப்பாள். ஜாக்கெட் கொக்கியும் லாக், கேஸ் திருகும் லாக். மகள் ஆர்த்தி சின்ன வயதில் சிணுங்கினால் "வாய லாக் பண்ணுடி" என்பாள். மழைக்கு உப்பிப்போன குளியலறைக் கதவு சாத்த வராவிட்டால் "லாக் கோச்சிக்கிச்சு" என்று அதைத் தட்டிக் கொடுப்பாள். இத்தனை லாக்கிலும் இந்த ஒன்றை மட்டும் அவள் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அவரும் கேட்டதில்லை.

ஆர்த்தி ஓசூரிலிருந்து விடியற்காலையில்தான் வந்து இறங்கியிருந்தாள். அழுது வீங்கிய முகத்தோடு அறைக்குள் வந்தாள்.

"குடுங்கப்பா, நான் பாக்கறேன்."

அவளும் திருகினாள், இழுத்தாள், உதைத்தும் பார்த்தாள். பிறகு கைப்பிடியின் மேலேயே நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

"ரமத் அத்தைக்குத் தெரியும்பா. கூப்புடட்டுமா?"

"வேணாம்."

"அவங்க தொறந்து பாத்துருக்கேன்பா."

"வேணாம்னு சொல்றேன்ல."

சொன்ன வேகத்தில் ஆர்த்தி பயந்துபோய் அவரைப் பார்த்தாள். பீரோ திறக்காத கோபம் என்று நினைத்திருப்பாள் பாவம்.

இது இன்று நேற்று வந்த எரிச்சல் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில் ஒன்றுதான். அந்த மதிலுக்கு இந்தப் பக்கம் வேதா, அந்தப் பக்கம் ரஹமத்துன்னிசா. பாத்திரம் தேய்த்துக்கொண்டு பேச்சு, அரிசி புடைத்துக்கொண்டு பேச்சு, சும்மா நின்றுகொண்டு பேச்சு. புகழேந்தி ஆலையிலிருந்து வந்து தெருமுனையில் திரும்பும்போதே வேதாவின் சிரிப்பு கேட்கும். அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்து "லாக்குக்கா" என்பாள். அவ்வளவுதான், இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். அவருக்குக் காபி வரும், சோறு வரும், கரண்ட் பில் வந்த தகவல் வரும். சிரிப்பு வராது. ஒரு நாள் முழுவதற்கும் உண்டான பேச்சை அவள் மதிலுக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை அவருக்குப் பரிமாறுகிறாள் என்று அவருக்குத் தோன்றும்.

ரஹமத்துன்னிசா ஒரு ஆம்பிளையாக இருந்திருந்தால் புகழேந்தி மடித்துக் கட்டிக்கொண்டு போய் நாலு கேள்வி கேட்டிருப்பார். தெருவும் அவர் பக்கம் நின்றிருக்கும். மூட்டுவலித் தைலம் மணக்க, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஊர்த் துணியெல்லாம் தைக்கிற ஒரு பொம்பிளையின் மேல் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது? கேட்டவன் சிரிப்பான். அதனால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. மதிலை உயர்த்திக் கட்ட வேண்டும், திருட்டுப் பயம் ஜாஸ்தி ஆகிவிட்டது என்று மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை சொல்வார். வேதா "கட்டலாம் கட்டலாம்" என்பாள்.

இன்று காலையில் இன்னொன்றும் நடந்தது. ரஹமத்துன்னிசா ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் முக்காட்டோடு உட்கார்ந்து மற்ற பெண்களிடம் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆட்டோல போவச்சொல்ல எங்கையப் புடிச்சிக்கினு, மேல் ரூம லாக் பண்ணியாக்கான்னு கேட்டுச்சு. பண்ணிட்டேன் வேதான்னேன். சரின்னுச்சு. அப்பறம் பேசல." பின்னால் நாற்காலி எடுக்க வந்த புகழேந்தி அதைக் கேட்டார். தன் மனைவி கடைசியாகப் பேசியதை மூன்றாவது மனுஷன் போல நாற்காலியும் கையுமாக நின்று கேட்டார். அதில் தன் பேர் வருமா என்று காத்திருந்தார். வரவில்லை.

வெள்ளையம்மாளின் வீட்டுக்காரர் திருமலை அறைக்குள் எட்டிப் பார்த்தார். அடி அண்ணாமலையில் கடலைப் பயிர் போடுகிறவர். எதற்கும் கடப்பாரைதான் மருந்து என்று நம்புகிற மனுஷன்.

"நவுரு மச்சான். சந்துல உட்டு ஒரு நெம்பு நெம்புனா வந்துடப் போவுது."

"ஆமா மாமா, எடுத்தாங்க," என்றார் புகழேந்தி.

வெள்ளையம்மாள் ஓடி வந்தாள். "இன்னா மனுஷங்க நீங்க! பொணத்த கூடத்துல வெச்சிக்கினு பீரோவ ஒடைக்கறதா? சம்மந்தி வூட்டாளுங்க இன்னா நெனப்பாங்க? வேதா பொறந்த வூட்டுப் பொருளுடா அது!" என்றவள் கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். "ஏம்மா ரமத்து, இந்தக் கண்றாவி எப்பிடித் தொறக்கும்னு ஒனக்குத் தெரியுமா?"

புகழேந்தி வாயைத் திறப்பதற்குள் ரஹமத்துன்னிசா எழுந்துவிட்டாள். முட்டியில் கை ஊன்றி எழுந்தாள். அறைக்குள் வந்தவள் அவரைப் பார்க்கவில்லை. சாவியைத் திருப்பினாள். கைப்பிடியை இறக்காமல் மேலே தூக்கிப் பிடித்தாள். அப்படியே திரும்பி, இடது பக்கக் கதவில் இடுப்பைச் சாய்த்து, தலையைக் கொஞ்சம் குனிந்து மெதுவாக ஒரு அழுத்து அழுத்தினாள். 'டக்'கென்று கதவு தானாக வந்தது.

அந்தச் சாய்மானம் புகழேந்திக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு மேலாகக் கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்திருக்கிறார். வேதா பீரோவில் சாய்ந்து கொஞ்சம் களைப்பாறுகிறாள் என்று நினைத்திருக்கிறார். சாயாதே, பாலிஷ் போகும் என்றுகூட ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதுதான் லாக் என்று அவள் சொல்லவில்லை. சிரித்திருப்பாளோ என்னவோ.

வெள்ளையம்மாள் புடவைகளைத் தட்டுத் தட்டாகப் புரட்டினாள். பச்சை, நீலம், ஆர்த்தியின் கல்யாணத்துக்கு எடுத்தது, வளைகாப்புக்கு எடுத்தது. அரக்குக் கலர் கூரையைக் காணோம்.

"எங்கடா போச்சு?" என்றாள் அக்கா. கூடத்திலிருந்து இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன.

ரஹமத்துன்னிசா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "எங்கூட்ல கீதுக்கா. ஓரம் பிரிஞ்சிக் கீது, அடிச்சிக் குடுன்னு குடுத்துச்சு. நாந்தான் இன்னும் குடுக்கல. இருங்க, எடுத்தாறேன்."

அவள் பின்வாசல் வழியாகப் போனாள். புகழேந்தியும் போனார். ஏன் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. கட்டிய கூரையும் அவள் வீட்டில்தான் இருக்கிறது. இனி இந்த வீட்டில் அவள் வீட்டுக்குப் போகாமல் மிச்சம் இருப்பது நான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டு மதிலருகே நின்றார்.

ரஹமத்துன்னிசா வெள்ளைத் துணியில் சுற்றிய புடவையை மதிலுக்கு மேலாக நீட்டினாள். அவர் வாங்கி அங்கேயே பிரித்தார். வேதாவின் பவுடர் வாசனை வந்தது. புடவை கடைத்துணி போல அடுக்காக மடிந்திருக்கவில்லை. முந்தானையில் விசிறி மடிப்பு கலையாமல் இருந்தது. தோள் இருக்க வேண்டிய இடத்தில் ஊக்கு இன்னும் குத்தியபடியே இருந்தது. ஓரத்தைத் தேடினார். நாலு பக்கமும் நன்றாக இருந்தது. புதுத் தையல் ஒன்றுகூட இல்லை.

"எந்த ஓரம் அடிச்ச?"

"நேரமாவுது, உள்ள குடுங்கண்ணே."

"எந்த ஓரம்?"

அவள் அவருக்குப் பின்னால் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "ஓரமெல்லாம் நல்லாத்தாண்ணே கீது. அத்தினி பேரு முன்னாடி வேற இன்னா சொல்றது?"

அவர் முந்தானை மடிப்பையே பார்த்தார்.

"ஒங்க கல்யாண நாளு வருதில்ல, ஆவணியில. அன்னிக்கு வந்து கட்டிப் பாக்கும். எங்கூட்டு நெலக்கண்ணாடி பெருசு. கட்டிக்கினு கொஞ்ச நேரம் ஒக்காந்துருக்கும், டீ குடிக்கும், நீங்க வர்றதுக்குள்ள அவுத்து எடுத்துக்கினு போயிடும். இந்த வாட்டி மூச்சு வாங்குதுக்கா, அப்பறம் எடுத்துக்கறேன்னு வெச்சிட்டுப் போச்சு."

"வருஷா வருஷமா?"

"ஆமாண்ணே."

"இங்க கட்டுனா நானு வேணாம்னா சொல்லியிருக்கப் போறேன்?"

ரஹமத்துன்னிசா மதிலின் காரையைச் சுரண்டினாள். "நானும் சொல்லிப் பாத்தேன். 'கட்டிக்கினு நின்னா இன்னா விசேஷம்னு கேப்பாருக்கா. அதுக்கு நானே பதில் சொல்லணும்'னுச்சு."

கேட்டிருப்பார்தான். நிச்சயம் கேட்டிருப்பார். ஆவணியில் எந்தத் தேதி என்று இப்போதும் யோசித்தார், வரவில்லை. வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதைவிட முந்திக்கொண்டு பொறாமைதான் வந்தது. தாலி கட்டிய அன்றைக்கு ஒருநாள், அதுவும் புகையிலும் வியர்வையிலும் அரைகுறையாகத்தான் அவர் அவளை இந்தப் புடவையில் பார்த்தார். இவள் வருஷா வருஷம் பார்த்திருக்கிறாள். எதிரில் உட்கார வைத்து டீ கொடுத்துப் பார்த்திருக்கிறாள்.

கூடத்துக்கு வந்ததும் அவர் சொன்னார், "இது வேணாம்க்கா. வேற பொடவை கட்டுங்க."

"ஏண்டா?"

"வேணாம்."

"கூரைய கையில வெச்சிக்கினு வேறன்றியே, புத்திகித்தி கெட்டுப்போச்சா?" வெள்ளையம்மாள் புடவையை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். அவர் விடவில்லை. அம்மா கிடக்கிற இடத்தில் அப்பாவும் அத்தையும் ஒரு புடவையை ஆளுக்கொரு முனையாக இழுப்பதை ஆர்த்தி பார்த்தாள். "அப்பா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் கை விட்டது.

வேதாவை உள்ளறைக்குத் தூக்கிப் போனார்கள். குளிப்பாட்டி உடுத்துவதெல்லாம் சொந்தக்காரப் பெண்களின் வேலை. வெள்ளையம்மாளும் ஆர்த்தியும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். ரஹமத்துன்னிசா வெளியே சுவரோரம் உட்கார்ந்தாள். புகழேந்தி கதவருகே நின்றார். தெருவில் பறை மேளக்காரர்கள் தீ மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மாடியில் குடியிருந்த வெள்ளைக்காரி ஒரு ரோஜா மாலையை வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் வாசலில் நின்றாள்.

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "தூக்கிப் புடிடி. மடிப்பு நிக்க மாட்டுது. பட்டு வழுக்குது, இன்னா பண்ணச் சொல்ற?" ஆர்த்தி அழுவது கேட்டது. "சும்மா சுத்தி உடு, மாலைக்குள்ள மறைஞ்சிடும்," என்றது வேறொரு குரல்.

புகழேந்தி திரும்பினார். ரஹமத்துன்னிசா தன் முக்காட்டின் முனையை மடியில் வைத்து, விரல் விரலாக மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பாள், நீவுவாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள். பார்வை சாத்தியிருந்த கதவின்மேல் இருந்தது. தான் என்ன செய்கிறோம் என்பது அவளுக்கே தெரியவில்லை.

அவர் கதவைத் தட்டினார்.

"இன்னாடா?"

"தாப்பாவ எடுக்கா."

கதவு ஒரு சாண் திறந்தது. அவர் உள்ளே பார்க்காமல் ரஹமத்துன்னிசாவைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவளை அவர் ஒரு பேரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தடுமாறினார்.

"எந்திரிம்மா. நீ போய்க் கட்டு."

"நாங்க நாலு பேரு இருக்கச்சொல்ல..." என்று வெள்ளையம்மாள் இழுத்தாள்.

"அது கட்டட்டும்க்கா."

ரஹமத்துன்னிசா அவரைத் தாண்டி உள்ளே போனாள். தாழ்ப்பாள் மறுபடி விழுந்தது. அதன் பிறகு அக்காவின் குரல் கேட்கவில்லை. மதிலோரம் கேட்கிற அதே தணிந்த குரல் மட்டும் கேட்டது. "கைய இப்பிடி வைமா... அவ்ளோதான்... இரு, இரு, முடிஞ்சிடுச்சு." வேதாவிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள். புகழேந்தி கதவில் காதை வைத்துக் கேட்டார். ஒட்டுக் கேட்கிறோமே என்கிற கூச்சம்கூட அவருக்கு வரவில்லை. பேச்சு நிற்காமல் இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

திறந்தார்கள். வேதாவைக் கூடத்துக்குக் கொண்டுவந்து பெஞ்சில் கிடத்தினார்கள். அரக்குப் பட்டு அவள் காலடி வரைக்கும் ஒழுங்காக இறங்கியிருந்தது. முந்தானை தோளில் விசிறி விசிறியாகப் படிந்திருந்தது. பொம்பிளைகள் ஒப்பாரியைக்கூட ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மகாலட்சுமியாட்டம் இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள்.

புகழேந்தி பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு எல்லார் முன்னாலும் ரஹமத்துன்னிசாவிடம் கேட்டார்.

"அன்னிக்கும் இப்பிடித்தான் இருந்தாளா?"

எந்த அன்னிக்கு என்று மற்றவர்களுக்குப் புரியவில்லை. ரஹமத்துன்னிசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அன்னிக்குச் சிரிச்சிக்கினு இருந்துச்சுண்ணே."

வாசலில் மேளம் எழும்பியது. திருமலை உள்ளே வந்து வண்டி தயார் என்றார். "பொட்டு வைடா, நேரமாவுது," என்று வெள்ளையம்மாள் குங்குமச் சிமிழைப் புகழேந்தியின் கையில் திணித்தாள். அவர் பெஞ்சின் ஓரம் உட்கார்ந்தார். கட்டை விரலில் குங்குமத்தைத் தொட்டு வேதாவின் நெற்றியில் வைத்தார். பொட்டு புருவத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாக விழுந்தது.

ரஹமத்துன்னிசாவின் கை தன்னை அறியாமல் எழுந்து, பாதியிலேயே நின்றது.

புகழேந்தி அதைப் பார்த்தார். சிமிழைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்தார்.